கண்ணீரோடு ஒப்புக்கொடுத்தல்

(திண்டுக்கல்லில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனை ஊழியர்கள் சார்பில் வழங்கப்பட்ட செய்தி)



வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம், ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சபைகளிலிருந்து விடியற்காலமே பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பிடி அரிசி மூட்டைகளையும் சுமந்து வந்திருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்காகவும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

வழக்கமாக இந்தக் கூடுகையில் எத்தனை ஆபரேஷன், எத்தனை பிரசவம், என்ன கருவி வாங்கினோம் என்று கணக்குச் சொல்லுவோம். அந்த அறிக்கை அச்சாகி உங்கள் கையில் இருக்கிறது. அதிலே கீழ்ப்பக்கத்தில் "மரணங்கள்" என்று ஒரு வரி உண்டு. வாசிக்கிறவர்கள் வேகமாகத் தாண்டிப் போகிற வரி அது. இந்த முறை அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசும்படி எங்களுக்குப் பாரம் உண்டாயிற்று. காரணம், இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பலர் தங்கள் வீட்டாரை நம்முடைய வார்டிலேயே பறிகொடுத்தவர்கள். சுகம் பெற்றுப் போனவர்கள் நன்றிக் காணிக்கை கொடுப்பது இயல்பு. இழந்து போனவர்களும் கொடுக்கிறீர்களே, அதைப் பற்றி நாங்கள் எங்கள் காலை ஜெபத்தில் பலமுறை பேசியிருக்கிறோம்.

இழந்தவர்கள் எங்களிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "நாங்கள் ஜெபித்தோமே, சபையே உபவாசம் இருந்ததே, பிறகு ஏன்?" ஐ.சி.யு. வாசலில் கேட்டவர்கள் உண்டு. அடக்கம் முடிந்து, மீதிப் பணத்தைக் கட்ட வந்தபோது கவுண்டரில் நின்று கேட்டவர்களும் உண்டு. இதற்கு எங்களிடம் பதில் இல்லை. எந்த மருத்துவ நூலிலும் இல்லை. ஆனால் ஊரில் சிலர் பதில் வைத்திருக்கிறார்கள். "உங்கள் விசுவாசம் போதவில்லை" என்று சொல்லுகிறார்கள். "வீட்டில் ஏதோ அறிக்கையிடாத பாவம் இருக்கிறது" என்று சொல்லுகிறார்கள். கொஞ்சம் இளகின மனதுடையவர்கள், "கர்த்தருடைய சித்தம், அழக்கூடாது" என்கிறார்கள். பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்து இன்னும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிற தாயிடம் இதைச் சொல்லுகிறார்கள்.

பிரியமானவர்களே, வேதத்தில் இப்படிப் பேசினவர்கள் யார் என்று பாருங்கள். யோபுவின் சிநேகிதர்கள்தான். அவர்கள் வந்தவுடன் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் நாளிலிருந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள், கெட்டது. புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அழுது புலம்பின யோபுவின்மேல் அல்ல, விளக்கம் சொன்ன அந்த மூவர்மேல்தான்.

பெத்தானியா வீட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். தம்பி இறந்து நாலு நாள். ஆண்டவர் தாமதித்து வருகிறார். மார்த்தாள் ஓடிப்போய்க் கேட்டாள். நீர் முன்னமே வந்திருந்தால் என் தம்பி பிழைத்திருப்பானே என்கிற பொருளில் கேட்டாள். வீட்டிலிருந்த மரியாளும் பிறகு வந்து அதையே கேட்டாள். அந்த நாலு நாளும் அக்காவும் தங்கையும் தங்களுக்குள் இதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதிருப்பார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆண்டவர் அவர்கள் வாயை அடைக்கவில்லை. விசுவாசம் இல்லையென்று கடிந்து பேசித் திருப்பி அனுப்பவுமில்லை. கல்லறைக்குப் போகிற வழியில் அவரும் அழுதார்.

ஆகவே, "ஒப்புக்கொடுத்தல்" என்று நாம் சபையில் அடிக்கடி சொல்லுகிறோமே, அது கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரிப்பது ஆகாது. அதை முதலில் சொல்லிவிட விரும்புகிறோம்.

ஒப்புக்கொடுத்தல் என்கிற பெயரில் நம் பக்கத்தில் நடக்கிற வேறொரு காரியமும் உண்டு. சர்க்கரை நோய் ஊசியை நிறுத்திவிட்டு "ஆண்டவரிடம் விட்டுவிட்டோம்" என்று சொல்லுகிறவர்கள் வருகிறார்கள். காசநோய்க்கு ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரையை, இருமல் நின்றது என்று இரண்டாம் மாதமே விட்டுவிட்டு, விசுவாசத்தினால் சுகமானேன் என்று சாட்சி சொல்லப் போகிறவர்கள் வருகிறார்கள். பாம்பு கடித்தவரை இறுக்கிக் கட்டி, கடிவாயைக் கீறி, இரண்டு மூன்று இடம் அலைந்து, கடைசியில் இங்கே கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து உங்கள் கிராமத்தில் சொல்லுங்கள்: கட்ட வேண்டாம், கீற வேண்டாம், கடிபட்டவரை நடக்க விடாமல், விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டு போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் அங்கேயே போங்கள்; நம்மைத் தேடி வருவதில் நேரத்தைப் போக்க வேண்டாம். கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் அந்தப் பாத்திரம் நீங்கும்படி ஒரு தரம் அல்ல, மூன்று தரம் கேட்டார். கேட்டு முடித்த பிறகுதான் பிதாவின் சித்தத்துக்குத் தம்மைக் கொடுத்தார். கேட்காமலே, முயலாமலே விட்டுவிடுவதற்கு வேறு பெயர் இருக்கிறது. ஊரில் அதைத் தலைவிதி என்பார்கள்.

முயன்றும் முடியாமல் போகிற நேரம் வருகிறது. புற்றுநோய் முற்றிவிட்டது, ஆபரேஷனுக்கும் இடமில்லை. முன்பெல்லாம் "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்லி அனுப்புவது எல்லா ஊரிலும் வழக்கமாயிருந்தது. அந்த வாக்கியத்தை நாங்கள் சொல்லுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. அதைப் பற்றின சட்டம் 2014-ல் திருத்தப்பட்டு, ஆஸ்பத்திரிகள் அனுமதி பெறுவது எளிதாக்கப்பட்டது. புண்ணைச் சுத்தம் செய்யலாம், நாற்றத்தைக் குறைக்கலாம், தூங்க வைக்கலாம், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரலாம். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இதற்குப் போகிறது. இதில் யாரும் எழுந்து நடந்து போய்ச் சாட்சி சொல்லப் போவதில்லை. அறிக்கையிலும் அந்தக் கீழ் வரியில்தான் சேரும்.

இனி ஒரு பழைய சரித்திரம் சொல்லுகிறோம். நம் ஊருக்கும் அதில் கொஞ்சம் சம்பந்தம் உண்டு.

1834-ல் அமெரிக்கன் மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். சீக்கிரத்தில் திண்டுக்கல்லிலும் ஊழியம் தொடங்கியது. இந்தச் சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் காலராவும் அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. சில வருஷங்களுக்குள் எத்தனையோ பெட்டிகளை அவர்கள் மண்ணில் இறக்க வேண்டியதாயிற்று, சிறு பிள்ளைகளின் பெட்டிகளும் அதில் உண்டு. அதனாலேதான் 1845-ல் அவர்கள் மலையேறிக் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். இன்றைக்கு நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரியில் படகு விடப் போகிற ஊர், சாவுக்குத் தப்பிப் பிழைக்கத் தேடின இடமாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் அவர்கள் மலையிலேயே இருந்துவிடவில்லை, இறங்கி வந்தார்கள். அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் திண்டுக்கல்லிலே நெடுங்காலம் மருந்தும் சுவிசேஷமுமாக உழைத்த எட்வர்ட் செஸ்டரின் பெயரைப் பழைய சபையார் கேட்டிருப்பீர்கள்.

நாங்கள் விரிவாகச் சொல்ல வந்தது இன்னொரு மலையைப் பற்றி. இங்கேயிருந்து கரூர், நாமக்கல் தாண்டி, சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம் போனால் கொல்லிமலை. இப்போது எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. நூறு வருஷத்துக்கு முன் நடையும் டோலியும்தான். அங்கே ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்கிற ஆங்கிலேயத் தம்பதியர், 1913-ல் திருமணமான கையோடே குடியேறினார்கள். ஈவ்லின் லண்டனில் செல்வமான வீட்டில் பிறந்த பெண். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர், கொஞ்சம் மருத்துவமும் படித்து வந்தவர். வாழவந்தி என்கிற இடத்தில் வீடு கட்டினார்கள். பல் பிடுங்கினார்கள், மலேரியாவுக்கு மருந்து கொடுத்தார்கள். நரம்புச் சிலந்தியை நம்மில் வயதானவர்களுக்குத் தெரியும். காலில் புண்ணாகி நூல் போல வெளியே வரும் புழு. ஜெஸ்ஸி அதைக் குச்சியில் சுற்றி எடுத்ததோடு நிற்காமல், ஜனங்கள் காலை வைத்து இறங்கித் தண்ணீர் மொள்ளாதபடி கிணற்றுக்குக் கல் சுவர் கட்டக் கற்றுக்கொடுத்தார். இந்தியா முழுவதும் அந்தப் புழு ஒழிந்தது என்று 2000-ல் சான்று கிடைத்தது.

ஆரம்ப வருஷங்களில் அவர்களை யாரும் ஏற்கவில்லை. முதல் உலக யுத்தம் முடிகிற காலத்தில் விஷக்காய்ச்சல் உலகமெங்கும் பரவினபோது கொல்லிமலையையும் தொட்டது. பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சிக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள். அவர்களை எதிர்த்து வந்த பூசாரியும் படுத்துவிட்டார். அவரையும் பார்க்கப் போனார்கள். சாகிற தறுவாயில் அவர் தம் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். அதற்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள்.

தங்கள் சொந்தப் பிள்ளைகள் பால், கான்னி இருவரையும் 1923-ல் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு வந்தார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. 1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸிக்கு மலேரியா முற்றி, இரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப்போகிற கொடிய காய்ச்சல் வந்தது. மலைமேல் டாக்டர் கிடையாது. நாற்பத்துநாலு வயதில் இறந்துபோனார். லண்டனுக்குத் தந்தி போயிற்று. அதற்குப் பிறகும் கப்பல் தபாலில் வாரக்கணக்காக அப்பாவின் கடிதங்கள் அந்தப் பையனுக்கு வந்துகொண்டே இருந்தன. இறக்குமுன் எழுதின கடிதங்கள். அந்தப் பிள்ளைகள் ஆறு வருஷமாக அப்பாவைப் பார்த்திருக்கவில்லை.

பின்பு ஈவ்லின் அம்மையார் இங்கிலாந்து போனபோது, உயரமும் அழகுமாக நினைவில் வைத்திருந்த தாயைத் தேடின மகன், கூனிக் குறுகி வந்து நின்ற ஒரு ஸ்திரீயைப் பார்த்துத் திகைத்தானாம். "ஒப்புக்கொடுத்தவர்கள்" உடைந்து போகமாட்டார்கள் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் உடைந்துதான் போனார்கள்.

அம்மையார் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார்கள். ஆனால் கணவரை அடக்கம் பண்ணின மலைக்கு மிஷன் குழு அவர்களை அனுப்பவில்லை. வேறு ஊர்களில் வேலை கொடுத்தார்கள். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் மலையைப் பார்க்கப் போவார்களாம். கொல்லிமலை மட்டுமல்ல, பச்சைமலை, கல்வராயன் மலை என்று அக்கம்பக்கத்து மலைகளுக்கும் சுவிசேஷமும் மருந்தும் கொண்டுபோக வேண்டுமென்பது கணவனும் மனைவியும் சேர்ந்து கண்ட தரிசனம். வருஷங்கள் போயின. அறுபத்தெட்டு வயதில், இனி ஓய்வு, ஊருக்குத் திரும்புங்கள் என்று சொன்னார்கள். ஒரே ஒரு வருஷம் கொல்லிமலையில் இருக்க விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டு மலையேறினார்கள். அந்த வருஷம் முடிந்ததும், மிஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள்! பிடிவாதக்கார அம்மையார் என்பதில் சந்தேகமில்லை. ஜெஸ்ஸி இறந்த நாளிலிருந்து எண்ணினால் இதற்குப் பதினெட்டு வருஷங்களுக்குமேல் ஆயிற்று.

அதற்குப் பிறகுதான் பிராண்ட் பாட்டி என்று ஜனங்கள் அழைத்த அந்த ஊழியம். மட்டக்குதிரையில் ஏறி மலைக்கு மலை போனார்கள். விழுந்தார்கள், எலும்பு முறிந்தது, கால் சரியாக வராமல் போயிற்று. இரண்டு மூங்கில் கோல் ஊன்றி நடந்தார்கள். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. அந்த மகன் பால், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்துகிறவராகப் பேர்பெற்றார். அவர் டாக்டராகவும் மகனாகவும், கீழே வந்துவிடுங்கள் அம்மா என்று எவ்வளவோ சொல்லியும் பாட்டி கேட்கவில்லை. 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்து வயதில் காலமானார்கள். மலைமேல் கொண்டுபோய் ஜெஸ்ஸியின் பக்கத்தில் வைத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் பலர் கடைசியில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். ஜெஸ்ஸி இறந்தபடியால்தான் பால் டாக்டரானார், ஆயிரக்கணக்கானவர்கள் கை பெற்றார்கள், ஆகவே அந்த மரணம் நன்மைக்குத்தான் என்பார்கள். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். ஒரு தகப்பனுடைய உயிருக்கு ஈடு இத்தனை ஆபரேஷன் என்று கூட்டிக் கழிக்க எந்த மனுஷனுக்கும் அதிகாரமில்லை. அன்றைக்கு மலைமேல் ஒரு டாக்டரும் நல்ல மருந்தும் இருந்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும். அதற்காகத்தானே நாம் ஆஸ்பத்திரி நடத்துகிறோம், நீங்கள் காணிக்கை கொடுக்கிறீர்கள்? நாங்கள் அம்மையாரிடம் பார்க்கிறது வேறு. ஏன் என்று தெரியாமலே, கையில் மீதியாயிருந்ததை ஆண்டவரிடம் கொடுத்தார்கள். மீதியாயிருந்தது என்ன? ஒரு வளைந்த முதுகு, மலை ஜனத்தின் பாஷை, ஒரு பெட்டி மருந்து. அதைக் கொடுக்கவும் பதினெட்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. உயிர்த்தெழுதலின் நம்பிக்கை அவர்களுக்கு நிச்சயமாயிருந்தது. அந்த நம்பிக்கை துக்கத்தைச் சீக்கிரம் முடித்து வைத்ததாக நாங்கள் காணவில்லை. துக்கத்தோடே நடக்கப் பெலன் கொடுத்தது.

நம்முடைய வார்டில் மகனை இழந்த ஒரு தாய் இருக்கிறார்கள். நாலுவழிச் சாலையில் லாரி மோதி, இரண்டு நாள் வெண்டிலேட்டரில் இருந்து போனான். அந்த அம்மா இரண்டு வருஷம் ஆஸ்பத்திரித் தெரு வழியாகவே நடக்கவில்லை, கோயிலுக்கும் வரவில்லை. ஆயர் வீட்டுக்குப் போனால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மூன்றாம் வருஷம் ஒரு நாள் தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து, ஐ.சி.யு. வெளியே தரையில் படுத்திருக்கிற சொந்தக்காரர்களில் யாராவது சாப்பிடாமல் இருந்தால் கொடுங்கள் என்றார்கள். இப்போது வாரத்தில் இரண்டு நாள் வருகிறார்கள். "மனசு ஆறிச்சா அம்மா?" என்று எங்கள் நர்ஸ் ஒருத்தி கேட்டாள். "ஆறல கண்ணு. இங்க வந்தா கொஞ்சம் மூச்சு விட முடியுது, அவ்வளவுதான்" என்றார்கள்.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். இது பணத்தைப் பற்றினதல்ல. அடக்கத்தன்று வீடு நிறைய ஜனம். ஆறுதல் கூட்டத்துக்குப் பந்தல் போட்டு நாற்காலி போடுகிறோம். ஒரு மாதம் ஆனதும் எல்லோரும் போய்விடுகிறார்கள். மூன்றாம் மாதத்தில் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க ஆளில்லை. நீங்கள் அப்போது போங்கள். இறந்த நாள் திரும்பி வருகிறபோது போங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் போங்கள். புதுத்துணி எடுக்கிற அந்த வாரம் மிகவும் கொடியது என்று பல விதவைகள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வேதவசனம் வாசியுங்கள், சுருக்கமாக ஜெபியுங்கள். இறந்தவருடைய பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் அழுவார்களே என்று பயந்து எல்லோரும் அந்தப் பெயரை மறைத்துவிடுகிறார்கள். அவர்கள் கேட்க ஏங்குகிறதோ அந்தப் பெயரைத்தான். விளக்கம் சொல்லத் தோன்றினால் யோபுவின் சிநேகிதர்களுடைய அந்த முதல் ஏழு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மாவு அரைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுங்கள். விதவைச் சான்றிதழ், பென்ஷன், வாரிசுச் சான்றிதழ் என்று தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டியிருக்கும். கூடப் போக ஒரு ஆள் இருந்தால் அது பெரிய ஊழியம்.

இப்போது, கடந்த கூடுகைக்குப் பின் நம் மருத்துவமனையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்களுடைய பெயர்களையும், நம்மிடத்தில் சிகிச்சைக்கு வந்து மரித்த மற்ற எல்லா மதத்தாருடைய பெயர்களையும், குடும்பத்தார் சம்மதம் கொடுத்தபடியே வாசிக்கப் போகிறோம். வீட்டார் எழுந்து நிற்கலாம். நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்திருக்கலாம். அழ வேண்டியவர்கள் அழலாம், யாரும் பக்கத்திலிருந்து அடக்க வேண்டாம். வாசித்து முடித்ததும் ஆயர் ஐயா ஜெபிப்பார்கள். பிறகு பின்கட்டில் சாப்பாடு தயாராயிருக்கிறது. தூரத்துச் சபையார் முதல் பந்தியில் உட்காரும்படி கேட்டுக்கொள்கிறோம்.